இரும்புக் கலப்பை தந்த இலட்சுமணராவ்

வானம் பார்த்த பூமி

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் நரிக்குடி என்னும் ஊர் உள்ளது. அதற்கு மேற்கே திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் அமைந்துள்ளன. இந்நிலப்பரப்பை மக்கள் வானம் பார்த்த பூமி என்பர். இவ்வழியே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையைக் கண்மாய்கள் தேக்கி வைத்துக் கொண்டால் நெல் விளையும். மேட்டு நிலங்களில் பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் விளையும். மழை தவறினால் இவற்றுள் ஒன்றும் இல்லை.

கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்த மறுநாளோ கால் வைக்க இயலாத சேறாகிவிடும். இவ்விரண்டு நிலைக்கும் நடுவே, உழுவதற்கு ஏற்ற ஈரம் சில நாள்களே நிலத்தில் நிற்கும். அந்நாள்களுக்குள் உழுது முடிக்காதவன் அவ்வாண்டு விளைவையே இழக்க நேரும். ஆதலின், கையில் உள்ள கலப்பை எத்தகையது என்பது இந்நாட்டு உழவனுக்கு வாழ்வும் தாழ்வும் பற்றிய வினாவாக இருந்து வந்தது.

கரிசல் உழவனுக்கு வேறொரு பகையும் உண்டு. அதுவே அறுகு. விநாயகருக்கு மாலையாகும் இப்புல் வயலில் புகுந்துவிட்டால் வேரும் தண்டும் பரப்பி நிலத்தைப் பற்றிக் கொள்ளும். மேலே அரிந்தால் கீழிருந்து தழைக்கும். அறுபட்ட ஒவ்வொரு கணுவும் தனித்தனியே வேர் விடும். மண்ணை ஆழமாகப் பிளந்து, புரட்டி, அதன் வேரை வெயிலில் காயவிட்டால் அன்றி அறுகு அழியாது. மேலோட்டமாகக் கீறும் மரக் கலப்பைக்கு அது அடங்குவதில்லை.

ஒரு புல், இரு பொறிகள்

வயலில் பகையாகிய இந்த அறுகே நகரத்துப் பூங்காவில் நட்பாகிறது. மாளிகைகளின் முன்பும் விளையாட்டுத் திடல்களிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காணப்படும் புல்தரை நம் நாட்டில் பெரும்பாலும் அறுகினால் ஆயதே. அதனை ஒரே உயரத்தில் அரிந்து வைப்பதற்குப் புல்வெட்டும் பொறி பயன்படுகிறது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்னும் தொழில் வினைஞர், 1830ஆம் ஆண்டு இப்பொறிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் நூலிழைகளை அரியும் ஆலைப் பொறியைக் கண்டு, அதே முறையில் புல்லையும் அரியலாம் என்று அவர் எண்ணினார். இப்சுவிச்சு நகரில் இருந்த ரான்சம் நிறுவனத்தார் 1832ஆம் ஆண்டு அதனைச் செய்து விற்கும் உரிமை பெற்றனர். பின்னர்ப் பல நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின. மனிதர் தள்ளும் பொறி, குதிரை இழுக்கும் பொறி, எந்திரத்தால் ஓடும் பொறி என்று வகைகள் பெருகின. நம் நாட்டில் தாஜ்மகால் தோட்டத்தில் மாடுகள் இழுக்கும் புல்வெட்டியும் இருந்தது. எந்த நிறுவனத்தின் பொறி நன்று, எதன் கத்தி மழுங்காது, எது அடிக்கடி பழுதாகும் என்று அவற்றை வாங்கியவர்கள் தம் பட்டறிவை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாயிற்று.

இதே ரான்சம் நிறுவனத்தார் கலப்பையும் செய்தனர். கலப்பையே அவர்களுடைய பழைய தொழில். வார்ப்பிரும்பால் ஆகிய கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் விரைவாகக் குளிரச் செய்து கடினமாக்கும் முறையை இராபர்ட்டு ரான்சம் கண்டு, 1803ஆம் ஆண்டு அதற்கு உரிமை பெற்றார். கொழுவின் மேற்பக்கம் மண்ணில் உராய்ந்து விரைவில் தேயும். அடிப்பக்கம் மெல்லத் தேயும். அதனால் உழ உழக் கொழுவின் முனை தானாகவே கூர்மை பெறும். இவர்களுடைய இரும்புக் கலப்பைகள் கடல் கடந்து இந்தியாவிற்கும் வந்தன.

பூங்கா வைத்திருப்பவர் தவறான பொறியை வாங்கிவிட்டால் புல் சற்று உயரமாக வளரும்; அவ்வளவே. ஏழை உழவன் தவறான கலப்பையை வாங்கிவிட்டால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகவே, எந்தக் கலப்பை நன்று என்னும் வினாவிற்கு அவனுக்கு நேர்மையான விடை வேண்டும். அவ்விடையைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இந்தியர் ஒருவர் இருந்தார். அவரே இலட்சுமணராவ் கிர்லோஸ்கர்.

பிறப்பும் கல்வியும்

இலட்சுமணராவ் 1869ஆம் ஆண்டு சூன் திங்கள் 20ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தின் பெலகாவி மாவட்டத்தில் உள்ள குர்லஹோசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் காசிநாதர். பள்ளிப் பாடங்களில் இளைஞர் இலட்சுமணருக்கு நாட்டம் குறைவு. படம் வரைவதிலும் பொறிகளை ஆராய்வதிலுமே அவர் மனம் சென்றது. ஓவியம் சோறு போடுமா என்று தந்தையார் ஐயுற்றார். தமையனார் இராமுஅண்ணா தம்பியின் விருப்பத்திற்குத் துணை நின்று பொருளும் உதவினார். 1885ஆம் ஆண்டு இலட்சுமணராவ் பம்பாய்க்குச் சென்று ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. சில நிறங்களை அவர் கண்ணால் வேறுபடுத்தி அறிய இயலவில்லை. பிறவியிலேயே அமைந்த இக்குறையை அவர் அதுகாறும் உணரவில்லை. நிறம் அறியாதவர் வண்ண ஓவியர் ஆதல் எங்ஙனம்? ஆசை கொண்ட கலையைக் கைவிட நேர்ந்தபோது பிறராயின் சோர்ந்து ஊர் திரும்பியிருப்பர். இலட்சுமணராவ், நிறம் வேண்டாத வரைகலை ஒன்று உண்டென்று கண்டார். பொறிகளின் உறுப்புகளை அளவு பிழையாமல் கோடுகளால் வரைந்து காட்டும் கலையே அது. அதனை ஊன்றிக் கற்றுத் தேர்ந்தார். பம்பாயில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1887ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அக்கழகத்தில் பொறி வரைகலை கற்பிக்கும் துணையாசிரியராக அவர் அமர்ந்தார். ஓய்வு நேரங்களை அங்கிருந்த பட்டறையிலேயே கழித்துப் பொறிகளின் இயல்பை நன்கு அறிந்து கொண்டார்.

மிதிவண்டிக் கடை

1888ஆம் ஆண்டு இராமுஅண்ணாவும் இலட்சுமணராவும் பெல்காம் நகரில் சிறு மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தனர். அதற்குக் கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்று பெயரிட்டனர். இலட்சுமணராவ் பம்பாயில் மிதிவண்டிகளை வாங்கி அனுப்புவார். தமையனார் பெல்காமில் விற்பார். அக்காலத்தில் மிதிவண்டி புதுமைப் பொருள். வாங்கியவருக்கு அதில் ஏறி அமரவும் தெரியாது. ஆதலின் வண்டியை விற்றதோடு நில்லாமல், அதனை ஓட்டவும் சகோதரர்கள் கற்றுக் கொடுத்தனர். பொருளை விற்பவன் கடமை, அப்பொருள் வாங்கியவனுக்குப் பயன்படும் வரையில் நீள்கிறது என்னும் உண்மையை இச்சிறு கடையிலேயே அவர்கள் கற்றனர் எனலாம்.

சில ஆண்டுகள் சென்றன. தொழில்நுட்பக் கழகத்தில் தமக்கு உரியதாய் இருந்த பதவி உயர்வு தமக்குக் கிட்டாமல், ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்கு வழங்கப்பட்டதைக் கண்டு இலட்சுமணராவ் மனம் வருந்தினார். திறமைக்கு மதிப்பில்லாத இடத்தில் இருத்தல் தகாது என்று துணிந்து, வேலையை விடுத்துப் பெல்காமுக்கு வந்து சேர்ந்தார். மாதந்தோறும் வரும் ஊதியத்தைத் துறந்து, நிலையற்ற தொழிலை நம்பி வருவது அந்நாளில் எளிய செயல் அன்று.

தட்டை நறுக்கும் பொறி

பெல்காமில் சிறிய பட்டறை ஒன்றை அமைத்தபின், எப்பொறியைச் செய்வது என்று இலட்சுமணராவ் எண்ணினார். இந்தியர்களில் பெரும்பாலோர் உழவர். ஆதலின் உழவர்க்குப் பயன்படும் பொறியே செய்தல் வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் முதலிற் செய்தது கால்நடைத் தீவனத்தை நறுக்கும் பொறியாகும்.

சோளத்தட்டையை முழுதாக மாட்டின் முன் இட்டால், மாடு தோகையையும் நுனியையும் தின்றுவிட்டுத் தடித்த தண்டைக் காலடியில் தள்ளி மிதித்து வீணாக்கும். அதே தட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி இட்டால் முழுவதையும் தின்னும். பஞ்ச காலத்தில் ஒரு படப்புத் தட்டை இரண்டு திங்களுக்கு வருமா, மூன்று திங்களுக்கு வருமா என்பதே மாடு பிழைப்பதையும் மடிவதையும் முடிவு செய்யும். நரிக்குடிப் பக்கத்து உழவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கத்தி பொருத்திய சக்கரத்தை ஒருவர் சுற்ற, மற்றொருவர் தட்டையை ஊட்ட, அப்பொறி விரைவில் வேலையை முடித்தது.

கலப்பையும் ஐயமும்

அடுத்து அவர் கருத்து இரும்புக் கலப்பையின்பாற் சென்றது. அந்நாளில் உழவர் பயன்படுத்திய மரக் கலப்பையின் நிறை குறைகளை நாமும் அறிதல் வேண்டும். மரக் கலப்பையை ஊர்த் தச்சரே செய்து விடுவார். விலை குறைவு. உடைந்தால் மறுநாளே சீராக்கலாம். ஒரு சோடி மாடு போதும். உழுது முடித்தபின் அதனை உழவன் தோளில் சுமந்து வீடு திரும்பலாம். இவை அதன் நிறைகள். ஆயின் அது மண்ணைக் கீறுமே அன்றிப் புரட்டாது. இரண்டு சாலுக்கு நடுவே உழப்படாத வரப்பு ஒன்று எஞ்சி நிற்கும். அதனால் ஒரே நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை உழ வேண்டும். அறுகு போன்ற களைகளின் வேரை அது எட்டாது.

இரும்புக் கலப்பையில் கொழுவை அடுத்து வளைந்த இரும்பு இறக்கை ஒன்று உண்டு. கொழு வெட்டிய மண்ணை அவ்விறக்கை ஏந்தித் தலைகீழாகப் புரட்டிப் போடும். மேலிருந்த களை மண்ணுக்குள் மக்கி எருவாகும். கீழிருந்த வேர் மேலே வந்து வெயிலில் காயும். மண் நன்கு திறந்து கொள்வதால் அடுத்த மழை நீர் ஓடிப் போகாமல் உள்ளே இறங்கும். இவை இதன் நிறைகள். குறைகளும் இல்லாமல் இல்லை. விலை மிகுதி, கனம் மிகுதி. ஆழமாக உழுவதற்கு இரண்டு மூன்று சோடி மாடுகள் வேண்டும். தேய்ந்த கொழுவை மாற்ற வேண்டுமானால், அயல்நாட்டுக் கலப்பைக்குரிய உறுப்பு கப்பலில் வந்து சேர வேண்டும். அது வருவதற்குள் உழவுக் காலம் கடந்துவிடும்.

இலட்சுமணராவ் இக்குறையை நன்கு உணர்ந்தார். உள்நாட்டிலேயே கலப்பை செய்தால், உறுப்பும் உள்நாட்டிலேயே கிடைக்கும். உழவன் காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்வெண்ணத்தோடு அவர் கலப்பைகளைச் செய்தார். ஆனால், அவற்றை வாங்குவார் இல்லை. இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகி விடும், பின்பு பயிர் விளையாது என்று உழவர் அஞ்சினர். முதற் கலப்பையை விற்பதற்கு அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இவ்வச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று இகழ்தல் எளிது. இரும்பு மண்ணுக்கு நஞ்சன்று என்பது உண்மையே. எனினும், அளவின்றி ஆழமாக உழுதால் அடியில் உள்ள வளமற்ற மண் மேலே வந்து விளைவு குன்றும். காலமல்லாக் காலத்தில் மண்ணைப் புரட்டினால் உள்ளிருக்கும் சிறிதளவு ஈரமும் காற்றில் போய்விடும். வானம் பார்த்த பூமியில் இஃது பெருங்கேடு. தன் முன்னோர் நூறு மழைக்காலம் கண்டு அறிந்த முறையை, அயலார் ஒருவர் சொல்லுக்காக ஒரே நாளில் மாற்றிக் கொள்ள உழவன் தயங்கினான் என்றால் அதில் எச்சரிக்கையும் கலந்திருந்தது. அவன் ஒரு போகத்தை இழந்தால் ஈடு செய்வார் யார்? இலட்சுமணராவ் அவனைப் பழிக்கவில்லை. கலப்பை செய்வதையும் நிறுத்தவில்லை. மண்ணில் இறங்கி உழுது காட்டுவதைத் தவிர இதற்கு வேறு விடை இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஓர் உழவன் நிலத்தில் விளைந்ததை அடுத்த உழவன் கண்டபோதுதான் அச்சம் மெல்ல அகன்றது.

கள்ளிக்காட்டில் ஓர் ஊர்

கலப்பை ஒருவாறு விலை போகத் தொடங்கிய வேளையில் மற்றோர் இடர் வந்தது. நகரை விரிவாக்கும் திட்டத்திற்காகப் பட்டறை இருந்த இடத்தை விட்டு அகலுமாறு பெல்காம் நகராட்சி ஆணையிட்டது. பொறிகளைப் பெயர்த்து எடுத்துச் செல்ல இடமில்லை. புதிய இடம் வாங்கப் பொருளும் இல்லை.

அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் அவுந்து என்னும் சிறு நாட்டின் மன்னர் பாலாசாகிப் பந்து பிரதிநிதி ஆவார். அவர் ஓவியக் கலையில் வல்லவர். சூரிய வணக்கப் பயிற்சியைப் பரப்பியவர். அவுந்தில் கோயில் மண்டபம் ஒன்றைக் கட்டும் பணியை அவர் இலட்சுமணராவிடம் ஒப்படைத்திருந்தார். அப்பணியின்போது இலட்சுமணராவின் உழைப்பையும் நேர்மையையும் நேரிற் கண்டவர் அவர். தம் நாட்டில் குண்டல் ரோடு என்னும் புகைவண்டி நிலையத்தின் அருகே 32 ஏக்கர் நிலத்தையும், வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயையும் வழங்கினார்.

கிடைத்த நிலம் தரிசு. கள்ளி மண்டிக் கிடந்தது. நல்ல பாம்புகள் நிறைந்திருந்தன. குடிநீருக்கும் முட்டுப்பாடு. 1910ஆம் ஆண்டு, 25 தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் இலட்சுமணராவுடன் அக்காட்டில் குடியேறினர். கள்ளியை வெட்டி, பாம்பை விரட்டி, கூரை வேய்ந்து, உலைக்களம் அமைத்தனர். தொழிலும் குடியிருப்பும் ஒன்றாக வளர்ந்த அவ்வூரே இன்று மகாராட்டிர மாநிலத்தின் சாங்கிலி மாவட்டத்தில் உள்ள கிர்லோஸ்கர்வாடி. புகைவண்டி நிலையமும் பின்னர் அப்பெயரையே பெற்றது.

ஊரின் நிர்வாகத்தை இராமுஅண்ணா கவனித்துக் கொண்டார். தெருவும் குடிநீரும் பள்ளியும் படிப்படியாக அமைந்தன. அவ்வூரில் தீண்டாமைக்கு இடமில்லை என்று இலட்சுமணராவ் விதி செய்தார். குற்றம் புரிந்து தண்டனை பெற்றவர்களும் மனிதரே என்று கருதி, அத்தகையோரை இரவுக் காவலராக அமர்த்தினார். உலகம் ஐயுற்றவரை அவர் நம்பினார். தம் கலப்பையை உழவர் ஐயுற்ற காலத்தை அவர் மறக்கவில்லை போலும்.

போரும் பீரங்கியும்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அயல்நாட்டுக் கலப்பைகளின் வரவு சுருங்கியது. கிர்லோஸ்கர் கலப்பையை நாடி வருவோர் பெருகினர். ஆனால், இரும்பும் நிலக்கரியும் கிடைப்பது அரிதாயிற்று. கலப்பை கேட்டு உழவர் காத்திருக்க, உருக்குவதற்கு இரும்பு இல்லை. அப்போது கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராசர், தம் நாட்டில் பயனின்றிக் கிடந்த பழைய பீரங்கிகளை இலட்சுமணராவுக்கு அளித்து உதவினார். முன்னொரு காலத்தில் உயிர்களைக் கொன்ற இரும்பு, உலையில் உருகி, உயிர்களுக்குச் சோறிடும் கொழுவாக மாறியது.

அந்நாளில் அயல்நாட்டுப் பொருள் என்றாலே உயர்ந்தது, உள்நாட்டுப் பொருள் என்றாலே தாழ்ந்தது என்னும் எண்ணம் பலரிடம் இருந்தது. மற்றொரு சாரார், சுதேசிப் பொருள் என்றால் குறையைப் பொருட்படுத்தாமல் வாங்க வேண்டும் என்றனர். உழவனோ இவ்விரு சாராரையும் போல் எண்ணவில்லை. ரான்சம் கலப்பையும் கிர்லோஸ்கர் கலப்பையும் அவன் முன் நின்றபோது அவன் கேட்ட வினாக்கள் சிலவே. மாடு எதனை எளிதாக இழுக்கிறது? கொழு எத்தனை நாள் உழைக்கிறது? தேய்ந்தால் மாற்றுக் கொழு எங்கே கிடைக்கும்? திருகாணி கழன்றால் ஊர்க் கொல்லரால் பூட்ட முடியுமா? விலை என்ன? இவ்வினாக்களுக்கு விடை தரும் கலப்பையே நிலைக்கும். 1922ஆம் ஆண்டு தன்ஜிஷா கூப்பர் என்பவர் சத்தாராப் பகுதியில் தொடங்கிய தொழிற்சாலையும் கலப்பைகள் செய்தது. கூப்பர் கலப்பையும் கிர்லோஸ்கர் கலப்பையும் அடுத்தடுத்த ஊர்களில் உழுதன. ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை உழவனுக்குக் கிடைத்தது. போட்டி இருந்தமையால் செய்வோரும் விழிப்போடு இருக்க வேண்டியதாயிற்று.

1920ஆம் ஆண்டு இரு செய்திகள் நிகழ்ந்தன. கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்னும் தொழிலகம் முறைப்படி பதிவு பெற்ற நிறுவனமாயிற்று. அவ்வாண்டே தங்கள் பொறிகளைப் பற்றிய செய்திகளை வாங்குவோரிடம் கொண்டு செல்வதற்காக மராத்தி மொழியில் ஓர் இதழும் தொடங்கப்பட்டது. உறவினராகிய சங்கரராவ் கிர்லோஸ்கர் அதன் ஆசிரியர். தொழிலகத்தின் செய்தித்தாளாகப் பிறந்த அவ்விதழ், பின்னர் மராத்தி இலக்கிய உலகில் புகழ் பெற்ற திங்களிதழாக வளர்ந்தது.

கலப்பையோடு தொழிலகம் நிற்கவில்லை. நிலக்கடலையை உடைக்கும் பொறி, கரும்பு ஆலை, நீர் இறைக்கும் பம்பு ஆகியவையும் அங்கே செய்யப்பட்டன. இவையாவும் உழவர்க்குரியவையே. மைந்தர் சந்தனுராவ் அமெரிக்கா சென்று, மாசச்சூசட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, 1926ஆம் ஆண்டு தாயகம் திரும்பித் தந்தையாரோடு உழைத்தார். 1946ஆம் ஆண்டு புனேயில் எண்ணெய் எந்திரத் தொழிற்சாலையும், பெங்களூரில் மின்பொறித் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன. அவ்வெந்திரங்கள் தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கும் வந்தன. கமலை கட்டி மாடு இறைத்த கிணற்றில் எந்திரம் நீர் இறைத்தது. உழவர் பலர் கிர்லோஸ்கர் என்னும் பெயரை ஒரு மனிதர் பெயராக அறியாமல், எந்திரத்தின் பெயராகவே அறிந்திருந்தனர்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் கரிசல் நிலத்திற்கு ஏற்ற முறைகளை ஆராய்வதற்குக் கோவிற்பட்டியில் 1901ஆம் ஆண்டு வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரி 1906ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் பலவகை இரும்புக் கலப்பைகள் இங்கும் உழவரை அடைந்தன. கோடை உழவுக்கு இரும்புக் கலப்பை, விதைப்பு உழவுக்கு மரக் கலப்பை என்று இரண்டையும் வேண்டிய இடத்தில் வேண்டியவாறு பயன்படுத்திக் கொண்ட உழவரும் உண்டு. புதியது வந்ததென்று பழையதை எறிந்துவிடாமலும், பழையது போதுமென்று புதியதை வெறுத்து ஒதுக்காமலும் இரண்டின் பயனையும் கொள்வது அறிவுடைமை அன்றோ?

இன்று கலப்பை பிடித்து உழும் காட்சி அரிதாகிவிட்டது. டிராக்டர் வந்தபின் ஒரு நாள் உழவு ஒரு மணி நேரத்தில் முடிகிறது. எனினும், நரிக்குடி வட்டாரத்தில் சீமைக் கருவேலம் மண்டிய தரிசுகளும் உள்ளன. டிராக்டரிலும் பல நிறுவனங்கள், பலவகைக் கொழுக்கள் வந்துவிட்டன. எதனை வாங்குவது, தன் நிலத்திற்கு எது பொருந்தும், எதற்கு மாற்று உறுப்பு அருகில் கிடைக்கும் என்று உழவன் இன்றும் அண்டை வீட்டாரிடம் கேட்டே முடிவு செய்கிறான். விளம்பரத்தைவிடப் பயன்படுத்தியவர் சொல்லே அவனுக்குச் சான்று. பொறி மாறினாலும் இம்முறை மாறவில்லை.

நிறைவு

இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1956ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 26ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவின்போது, 1969ஆம் ஆண்டு சூன் திங்கள் 20ஆம் நாள் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

மாணவர்களே! இவர் வாழ்வில் நாம் கற்க வேண்டுவன பல. கண் ஒரு கலைக்குத் தடையாயினும் மற்றொரு கலையை அவர் கண்டார். வேலை போயினும் தொழிலைப் பெற்றார். இடம் போயினும் ஓர் ஊரையே படைத்தார். இவை அனைத்தினும் சிறந்தது ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகள் ஒரு கலப்பையும் விற்காமல் கிடந்தபோது, வாங்க மறுத்த உழவன்மீது அவர் சினம் கொள்ளவில்லை. தம் கலப்பை நல்லதென்று மெய்ப்பிக்கும் கடமை தம்முடையதே என்று கருதினார். பொருளைச் செய்பவன் வாயால் அப்பொருளின் தரத்தை அறிய இயலாது. அதனைப் பிடித்து உழைப்பவன் கையும், அது உழுத நிலமுமே அதன் தரத்தைச் சொல்லும். அத்தீர்ப்புக்குத் தலைவணங்கிப் பொறுமையோடு உழைத்தமையாலேயே இலட்சுமணராவின் கலப்பை இந்திய மண்ணில் ஆழப் பதிந்தது.